கடலுக்காக அழும் செல்லோவும் கோட்டக்குப்பத்துக் கருங்கல்லும்

ஈ.சி.ஆரில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்குக் கோட்டக்குப்பம் என்று ஒரு ஊர் இருப்பது தெரியும்? மரக்காணத்து உப்பளங்கள் தெரியும். (வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். பைக்கை நிறுத்தி போட்டோ எடுக்காதவர் யார்?) ஆரோவில் திருப்பம் தெரியும். அதற்கப்புறம் "பாண்டி வந்தாச்சு" என்று பையைத் தேட ஆரம்பிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற ஊர்தான் கோட்டக்குப்பம். இந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம் இதோடு முடிகிறது. தாண்டினால் புதுச்சேரி யூனியன் பிரதேசம்.

இந்த ஊரில் கடல் இருக்கிறது. கடற்கரைதான் காணாமல் போய்விட்டது. தந்திராயன்குப்பம் பக்கம் இறங்கிப் பார்த்தால் தெரியும். ஒரு காலத்தில் கட்டுமரத்தை இழுத்துப் போட்டு, வலையை விரித்து உலர்த்தி, சாயங்காலம் பையன்கள் பந்து விளையாடிய மணல் இப்போது கருங்கல் குவியல். கல்லுக்கு அந்தப் பக்கம் நேராக அலை. தூண்டில் வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் ஒதுங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சரி, இதற்கும் செல்லோவுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது. கொஞ்சம் சுற்றிக்கொண்டு வர வேண்டும், பொறுமை தேவை.

செல்லோ தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வயலினின் பெரிய அண்ணன். தோளில் வைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். அடியில் ஒரு முள் இருக்கும், அது தரையில் ஊன்றி நிற்கும். இளையராஜா பாட்டுகளில் வயலின்கள் மேலே பறக்கும்போது கீழே ஒரு கனத்த குரல் தனியாக நடந்து போகுமே, பல இடங்களில் அது செல்லோதான். வி.எஸ். நரசிம்மனின் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் வி.ஆர். சேகர் கர்நாடக சங்கீதத்தையே செல்லோவில் வாசித்திருக்கிறார். ஆகவே வெள்ளைக்காரன் வாத்தியம், நமக்கு எதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். வயலினும் அப்படி வந்ததுதான்!

மனிதக் குரலுக்கு மிக நெருக்கமான வாத்தியம் என்று செல்லோவைச் சொல்வார்கள். அதனாலோ என்னவோ, கடலுக்கோ பூமிக்கோ ஏதாவது ஆகிவிட்டது என்று வருத்தப்பட வேண்டுமென்றால் மேற்கத்திய இசைக்காரர்கள் அடிக்கடி இதன் பக்கம் போகிறார்கள். 1971ல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் க்ரம் 'திமிங்கிலத்தின் குரல்' என்று ஒரு படைப்பு எழுதினார். புல்லாங்குழல், பியானோ, செல்லோ, மூன்றும் மின்சாரத்தால் ஒலி பெருக்கப்பட்டவை. வாசிக்கிற மூன்று பேரும் கறுப்பு முகமூடி அணிய வேண்டும், மேடையில் ஆழ்கடல் போல நீல விளக்கு எரிய வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதில் செல்லோ ஒரு இடத்தில் கடற்பறவை மாதிரி கத்தும். முதல் தடவை கேட்பவர்கள் நிஜமாகவே பறவையைப் பதிவு செய்து போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

2013ல் இன்னொன்று. இது மாணவர்களுக்குப் பிடிக்கும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டேனியல் கிராஃபர்ட் என்ற மாணவர், தன் புவியியல் பேராசிரியர் ஸ்காட் செயின்ட் ஜார்ஜுடன் பேசி ஒரு வேலை செய்தார். நாசா வைத்திருக்கும் பூமியின் மேற்பரப்பு வெப்பநிலைக் கணக்கை, 1880லிருந்து 2012 வரை, எடுத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு ஒரு ஸ்வரம். மிகக் குளிர்ந்த வருஷத்துக்குச் செல்லோவின் மிகத் தாழ்ந்த ஸ்வரம். அதிலிருந்து ஏறக்குறைய 0.03 டிகிரி செல்சியஸுக்கு ஒரு அரை ஸ்வரம் என்று ஏற்றிக்கொண்டே போனார். அவ்வளவுதான். கற்பனை கிடையாது, சோகம் வேண்டுமென்று சேர்த்தது கிடையாது. ஆரம்பத்தில் கீழே தடவிக்கொண்டிருக்கும் செல்லோ, 1990களுக்கு வந்ததும் மேலே ஏறிவிட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. கடைசியில் ஒரு குறிப்பு வரும். இந்த நூற்றாண்டு முடிவதற்குள் பூமி இன்னும் 1.8 டிகிரி சூடானால், அதற்குரிய ஸ்வரங்கள் மனிதக் காதால் கேட்க முடியாத உயரத்துக்குப் போய்விடும்! (அந்தச் சூட்டில் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளே இழுத்துக்கொள்வது கடல்தான். ஆகவே இதைக் கடலின் பாட்டு என்று சொன்னாலும் தப்பில்லை.)

அதே 2013ல் ஜான் லூதர் ஆடம்ஸ் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய 'கடலாகிவிடு' சியாட்டிலில் அரங்கேறியது. 40 நிமிஷத்துக்கு மேல் அலை எழுந்து விழுந்துகொண்டே இருக்கும். அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு வாங்கியது. அதைக் கேட்டு உருகிப்போய் டெய்லர் ஸ்விஃப்ட் சியாட்டில் சிம்பொனிக்கு 50,000 டாலர் நன்கொடை கொடுத்தார் என்பது உபரித் தகவல் :-)

எல்லாம் நல்ல இசை. அதில் சண்டை இல்லை. ஆனால் இந்த வரிசையில் கிராஃபர்டைத் தவிர மற்றவற்றையும், இவற்றுக்குப் பின்னால் வந்த எத்தனையோ 'கடலுக்கான இரங்கல்'களையும் கேட்டு முடித்ததும் ஒரு சந்தேகம் வருகிறது. எந்தக் கடல்? எந்தக் கரை? எந்த வருஷம்? அழுகிறார்கள், சரி. யார் செய்ததற்காக அழுகிறார்கள்? நிகழ்ச்சிக் குறிப்பைப் புரட்டினால் 'மனித குலம்' என்று இருக்கும். மனித குலத்தின் மேல் யார் வழக்குப் போட முடியும்? அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மனசு கனக்கும், கண் கலங்கும், எழுந்து நின்று கை தட்டுவார், வெளியே வந்து காரை எடுத்துக்கொண்டு போவார். அடுத்து அவர் செய்ய வேண்டியது என்று ஒன்றுமே இருக்காது. கடல் அவ்வளவு பெரிது, சோகமும் அவ்வளவு பெரிது.

இதற்கு எதிர் உதாரணமும் அதே க்ரம் காலத்தில்தான் இருக்கிறது. ரோஜர் பெயின் என்ற உயிரியலாளர் 1970ல் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். க்ரமைத் தூண்டியதும் திமிங்கிலப் பாட்டின் ஒலிப்பதிவுதான். 1979ல் நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகை அந்தத் திமிங்கிலப் பாட்டுகளிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தட்டு தயாரித்து, ஒரு கோடிக்கும் அதிகமான பிரதிகளோடு இணைத்துக் கொடுத்தது. 1982ல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்தி வைக்க வாக்களித்தது. இசைத்தட்டுதான் இதைச் சாதித்தது என்று சொன்னால் மிகை. போராட்டம் இருந்தது, அரசியல் இருந்தது, திமிங்கில எண்ணெய்க்கு மாற்று வந்திருந்தது. ஆனால் அந்தப் பாட்டு மக்கள் மனசில் வேலை செய்தது. ஏன்? கேட்டவருக்கு யாரை என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஈட்டியைக் கீழே போடு. கோரிக்கை ஒரு வரியில் அடங்கிவிட்டது.

(இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய காலத்து வயலின், செல்லோ வில்களில் கைப்பிடிக்குப் பக்கத்தில் சுற்றியிருப்பது சில சமயம் திமிங்கிலத்தின் வாய்த்தகடு. வில்லின் மரமோ பிரேசிலின் பெர்னாம்புகோ. வெட்டி வெட்டித் தீர்ந்துபோய், 2007ல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்த மரம். சுற்றுச்சூழலுக்காக அழுகிற வாத்தியத்தின் கையிலேயே கொஞ்சம் ரத்தம் இருக்கிறது. யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. இசையும் இந்த உலகத்துப் பொருட்களால் ஆனதுதான், அவ்வளவே.)

இப்போது கோட்டக்குப்பத்துக்கு வருவோம். கடற்கரை காணாமல் போனதற்கு இங்கே யாரும் 'மனித குலம்' என்று பதில் சொல்ல வேண்டியதில்லை. விலாசமே இருக்கிறது.

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி அலையும் நீரோட்டமும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பித் தெற்கே வரும். இந்த இரண்டு நீரோட்டங்களுக்கும் மீனவர்களிடம் தனித்தனிப் பெயரே உண்டு. சென்னைப் பக்கம் தெற்கிலிருந்து ஓடுவதைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் வடக்கே போவதுதான் பல மடங்கு அதிகம். வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் இப்படி ஊர் ஊராக நடந்து போகிறது. ஒரு ஊர்க் கடற்கரை என்பது அந்த ஊரின் சொத்து இல்லை. தெற்கே உள்ள ஊர் அனுப்பியது, வடக்கே உள்ள ஊருக்குப் போக வேண்டியது.

1980களின் கடைசியில் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணலுக்கு நடுவழியில் கதவைச் சாத்திய மாதிரி ஆயிற்று. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே பட்டினி. மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ப் போடும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. புதுச்சேரி நகரத்துக் கடற்கரை கரைந்தது. கடல் ஊருக்குள் வராமல் கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, அரிப்பு வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். அங்கேயும் கல். அப்புறம் எல்லை தாண்டித் தந்திராயன்குப்பம், கோட்டக்குப்பம். அங்கேயும் கல், தூண்டில் வளைவு. அப்புறம் பொம்மையார்பாளையம். மரக்காணம் வரைக்கும் இன்னும் எத்தனை குப்பம் இருக்கிறதோ அத்தனை குப்பமும் இந்த வரிசையில் காத்துக்கொண்டு நிற்கின்றன.

இது யாருக்கும் தெரியாமல் நடந்த விபத்தா என்றால் அதுவும் இல்லை. சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தது 1870களில். அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்துதான் இன்றைக்கு நாம் சுண்டல் தின்கிற மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் தெருத் தெருவாகத் தின்றது. புதுச்சேரியில் சுவர் எழுப்புவதற்கு நூறு வருஷம் முன்னாலேயே, நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில், பாடம் முழுசாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. யாரும் படிக்கவில்லை என்பதை எப்படி மன்னிப்பது?

கோட்டக்குப்பத்துக்குக் கூடுதலாக ஒரு துரதிர்ஷ்டம். சுவர் இருப்பது ஒரு அரசாங்கத்தின் எல்லையில், கரை போனது இன்னொரு அரசாங்கத்தின் எல்லையில். மனுவை எங்கே கொடுப்பது? மணலுக்கு யூனியன் பிரதேசமும் தெரியாது, விழுப்புரம் மாவட்டமும் தெரியாது. 2018ல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கியது. காந்தி சிலைப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. டூரிஸ்ட்டுகள் சந்தோஷமாகக் காலை நனைத்தார்கள். நல்லதுதான், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அதே மணல் பட்டினியால் செத்த அடுத்த ஊருக்கு என்ன வந்தது? கல் வந்தது.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990லிருந்து 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. இந்தியக் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 42.7. புதுச்சேரியில் 56.2. உலகக் கடல்மட்டம் ஏறுவதும் உண்மை, வங்காள விரிகுடாவில் புயல்கள் வலுப்பதும் உண்மை. ஆனால் கோட்டக்குப்பத்து மணலைத் தூக்கிக்கொண்டு போனது கடல்மட்டம் என்று சொல்வது வசதியான பொய். முதல் குற்றவாளி சுவர்தான்.

ஆகவே இந்தக் கரையைப் பற்றி ஒரு செல்லோக்காரர் பொதுவாக 'கடலின் துயரம்' என்று வாசித்துவிட்டுப் போனால், அவர் அறியாமலே சுவரைக் காப்பாற்றுகிறார். இதுதான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

அப்படியென்றால் இசை என்னதான் செய்ய வேண்டும்? நம் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. 2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. பாடியவர் டி.எம். கிருஷ்ணா. எழுதியவர் கபேர் வாசுகி. மெட்டமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். ஆனந்தபைரவி, பேகடா என்று அசல் கர்நாடக ராகமாலிகை. ஆனால் வார்த்தைகள் சென்னைப் பேச்சுத் தமிழ். பாடிய இடம் சபா இல்லை, எண்ணூர்க் கழிமுகம். பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. அந்தப் பாட்டில் 'இயற்கை அன்னை அழுகிறாள்' என்ற ரகத்துப் புலம்பல் கிடையாது. புறம்போக்கு என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறது. ஊருக்குப் பொதுவான ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், கழிமுகம், இதற்கெல்லாம் இருந்த பெயர். யாருக்கும் சொந்தமில்லை என்பதால் யார் வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம் என்றாகி, கடைசியில் திட்டுகிற வார்த்தையாக ஆகிவிட்ட பெயர். அந்த ஒரு சொல்லின் சரித்திரத்தைச் சொல்லியே எண்ணூருக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறது. கேட்டவருக்கு இடம் தெரியும், ஆள் தெரியும், என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

கடற்கரை மட்டும் என்ன? அதுவும் புறம்போக்குதான்.

"பாட்டு வந்து என்ன ஆயிற்று? சாம்பல் போய்விட்டதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. போகவில்லை. பாட்டு வெளிவந்த அதே மாதம் 28ஆம் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது, அதை வாளியில் அள்ளிய படங்களை எல்லோரும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய், கழிமுகம் முழுக்க. பாட்டு மணல்மூட்டை இல்லை, தடுப்பதற்கு. ஆனால் 2017க்கு முன் எண்ணூர் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கும் சில சூழலியல்காரர்களுக்கும் மட்டுமே தெரிந்த பிரச்சினை. அதற்குப் பிறகு மயிலாப்பூர் கச்சேரி ரசிகருக்கும் தெரிந்த பிரச்சினை. இது சின்ன விஷயமா? சின்ன விஷயம்தான். சின்ன விஷயத்தைத்தான் இசையால் செய்ய முடியும். அதைச் சரியாகச் செய்தால் போதும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மீனவருக்காக மேல்தட்டு இசை ஏன் பாட வேண்டும், அவர்களுக்கு வாய் இல்லையா? 2015ல் பெசன்ட் நகர் ஊரூர் - ஆல்காட் குப்பத்தில் கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் ஊர்க்காரர்களும் சேர்ந்து விழா தொடங்கியபோதே இந்தக் கேள்வி வந்தது. குப்பத்துக்குள் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுபோவது உபகாரமா, உபத்திரவமா என்று. அந்த மேடையில் பறையாட்டமும் கூத்தும் சங்கீதத்துக்குச் சமமாக ஏறின என்பது ஓரளவு பதில். முழு பதில் இல்லை.

ஏனென்றால் கடற்கரைக்குத் தன் சொந்த இசை இருந்தது. அம்பாப் பாட்டு. படகு தள்ளும்போது, வலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. குறிப்பாகக் கரைவலை. படகில் போய் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இரண்டு வரிசை ஆட்கள் இழுப்பார்கள். பின்னால் நடந்து நடந்து இழுக்க வேண்டும், எல்லார் காலும் ஒரே தாளத்தில் விழ வேண்டும். பாட்டு இல்லாமல் அது நடக்காது. இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த வேலைக்கு முதலில் என்ன வேண்டும்? மணல் வேண்டும். நிற்க, பின்னால் நடக்க, வலையை ஏற்றிப்போட அகலமான மணல் வேண்டும். கருங்கல் மேல் கரைவலை இழுக்க முடியாது, வலை கிழிந்துவிடும், கால் உடைந்துவிடும். ஆகவே கரை போனால் கரைவலை போகும். கரைவலை போனால் அந்தத் தாளம் போகும். (எஞ்சின், நைலான், ஃபைபர் படகு எல்லாம் வந்து அம்பாவை ஏற்கெனவே பலவீனமாக்கிவிட்டன என்பது வேறு கதை. அவை மெதுவாகச் செய்ததைக் கல் ஒரேயடியாகச் செய்துவிடுகிறது.)

கடலின் நெருக்கடி பற்றிச் செவ்வியல் இசை வரவேண்டும் என்று பேசுகிறோம். அந்த நெருக்கடி ஏற்கெனவே ஒரு இசையைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. இரங்கல் பாட வேண்டுமென்றால் முதல் இரங்கல் அதற்குத்தான்.

கோட்டக்குப்பத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், மேட்டின் மேல், ஆரோவில் இருக்கிறது. மேற்கத்திய செவ்வியல் கச்சேரிகள் அங்கே புதிதில்லை. கடலுக்காக உருகுகிற ஒரு செல்லோக் கச்சேரி அங்கே நடந்தால் அரங்கம் நிறையும். கேட்டுவிட்டுப் பாண்டிச்சேரிக்குத் திரும்புகிறவர்கள் கோட்டக்குப்பம் வழியாகத்தான் போவார்கள். கடல் அரித்த இடம் சாலையிலிருந்து நடக்கிற தூரம்.

ஆகவே ஒரு யோசனை. இசை படிக்கிற, கம்ப்யூட்டர் படிக்கிற, புவியியல் படிக்கிற யாராவது எடுத்துக்கொள்ளலாம், காப்பிரைட் கிடையாது. கிராஃபர்ட் செய்ததையே செய்யுங்கள், ஆனால் உலகத்துக்கு இல்லாமல் ஒரு கரைக்கு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972லிருந்து இருக்கின்றன, 2008லிருந்து இலவசம். துறைமுகச் சுவருக்குத் தெற்கே ஒரு இடம், வடக்கே தந்திராயன்குப்பம், இரண்டு இடத்திலும் வருஷா வருஷம் கரைக்கோடு எங்கே இருந்தது என்று அளந்து எழுதுங்கள். இரண்டு செல்லோ. ஆளுக்கு ஒரு கரை. கடலை நோக்கி நகர்ந்தால் ஸ்வரம் ஏறட்டும், உள்வாங்கினால் இறங்கட்டும். 1980 வரை இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் அசைந்துகொண்டு, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுவது மாதிரி இருக்க வேண்டும். சுவர் வந்த பிறகு ஒன்று மேலே போகும், இன்னொன்று கீழே போகும். கல் போட்ட வருஷத்திலிருந்து கீழே உள்ள செல்லோ ஒரே ஸ்வரத்தில் நின்றுவிடும். கல் நகராதில்லையா? அதுவே கொஞ்சம் நேரம் கேட்டால் போதும், எந்த நிகழ்ச்சிக் குறிப்பும் வேண்டாம். சோகத்தை நாமாகச் சேர்க்க வேண்டியதும் இல்லை. எட்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், யாரும் கொட்டாவி விட மாட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு குரல் வேண்டுமென்றால், அம்பாப் பாட்டு ஞாபகம் இருக்கிற யாராவது ஒரு பெரியவரைக் கேட்கலாம். அவர் பாட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடலாம்.

வாசிப்பது தந்திராயன்குப்பத்துக் கரையிலேயே நடக்கட்டும், சாயங்காலம், மீன் வேலை முடிந்த பிறகு, ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்டுக்கொண்டு. துறைமுகத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் கடற்கரை மேலாண்மை பார்க்கிறவர்களுக்கும், இரண்டு அரசாங்கத்திலிருந்தும், முன்வரிசையில் நாற்காலி போட்டுவிடலாம். வராவிட்டால் நாற்காலி காலியாகவே இருக்கட்டும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான். செல்லோவின் முள் ஊன்றி நிற்கப் பிடிப்பான தரை வேண்டும். அங்கே இருப்பது கருங்கல். வழுக்கும். சாக்கு மூட்டையில் மணல் கட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். மணல் துறைமுகத்துக்குத் தெற்கே நிறையக் கிடைக்கும்.